பதிப்பு எண்ணில் ஒரு டில்டே: லினக்ஸ் களஞ்சியங்களில் எது பெரியது, எது சிறியது

2024 மார்ச் 29 அன்று எக்ஸ்இசட் சுருக்கு மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) இருப்பதை மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் வெளிப்படுத்தினார். டெபியன் என்ற லினக்ஸ் டிஸ்ட்ரோவின் (வழங்கலின்) வளர்ச்சிக் கிளையான சிட்டில் 5.6.1 ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது. பழைய 5.4.5க்குத் திரும்பியாக வேண்டும். ஆனால் 5.4.5 என்றே பெயரிட்டுப் பதிவேற்ற முடியாது. இருப்பதைவிடச் சிறிய எண்ணைக் களஞ்சியம் (மென்பொருள் பொதிகளைச் சேர்த்து வழங்கும் கிடங்கு) ஏற்காது. ஏற்றாலும் பயனர் கணினியில் உள்ள ஏபிடி என்ற பொதி மேலாளர் தானாகக் கீழே இறங்காது. அதனால் பொதிக்கு வைத்த பெயர் இது: 5.6.1+ரியலி5.4.5-1. உள்ளே இருப்பது 5.4.5, வரிசையில் நிற்பது 5.6.1க்கு மேலே. அதே நாட்களில் ஆர்ச் என்ற இன்னொரு டிஸ்ட்ரோ 5.6.1-2 என்று வெளியிட்டது. முன்பகுதி மாறவில்லை, பின்கதவைச் செயல்படுத்தும் கோப்பு சேர்ந்திருந்த சுருக்குத் தொகுப்பை விட்டுவிட்டு, மூல நிரல் இருக்கும் கிட் களஞ்சியத்திலிருந்து நேரடியாகக் கட்டிய பொதி அது.

"5.6.1 இருந்தால் ஆபத்து" என்று மட்டும் எழுதப்பட்ட சோதனை நிரல் இந்த இரண்டு பொதிகளையும் பார்த்துத் தவறாகக் கூச்சலிடும். பதிப்பு எண்ணைப் பெயராகப் படிக்கப் பழகியதன் விளைவு இது. களஞ்சியத்தைப் பொறுத்தவரை பதிப்பு எண் என்பது வரிசையில் ஓர் இடம். அதிலுள்ள ஒவ்வொரு குறியும் அந்த இடத்தை மாற்றும்.

(பதிப்புகளிலும் கட்டளைகளிலும் வரும் எழுத்துகளை இங்கே தமிழ் ஒலிப்பில் தருகிறோம். அகரவரிசை என்று சொல்வதெல்லாம் ஆங்கில வரிசையையே.)

டெபியன் பதிப்பில் மூன்று உறுப்புகள் உண்டு: ஈபாக் (காலனுக்கு முன் வந்து, எல்லாவற்றுக்கும் முதலில் ஒப்பிடப்படும் எண்), அப்ஸ்ட்ரீம் பதிப்பு, டெபியன் திருத்தம். 2:9.0.1378-2 என்ற விம் உரைத்திருத்தியின் பொதியில் 2 ஈபாக்; 9.0.1378 மென்பொருளை எழுதியவர்கள் வைத்தது. கடைசி ஹைஃபனுக்குப் பின் வரும் 2 டெபியன் பராமரிப்பாளர் வைத்தது. "கடைசி ஹைஃபன்" என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அப்ஸ்ட்ரீம் பகுதிக்குள்ளும் ஹைஃபன் வரலாம். முதல் ஹைஃபனில் வெட்டும் ஷெல் ஸ்கிரிப்ட் அங்கேதான் உடையும். திருத்தமே இல்லாவிட்டால் அதை 0 என்று கொள்வார்கள்.

ஒப்பிடும் முறை எளிது, ஆனால் பள்ளிக்கூடக் கணக்கு அல்ல. இடமிருந்து வலமாக, இலக்கமில்லாத துண்டு ஒன்று, இலக்கத் துண்டு ஒன்று என மாறி மாறி எடுத்து ஒப்பிட வேண்டும். இலக்கத் துண்டுகளை முழு எண்ணாகப் பார்ப்பார்கள், ஆகவே 1.10 என்பது 1.9ஐவிடப் பெரியது, 1.05உம் 1.5உம் ஒன்றே. இலக்கமில்லாத துண்டுகளில் எழுத்துகள் எல்லாம் மற்றக் குறிகளுக்கு முன்னால் வரும். டில்டே (~) மட்டும் எல்லாவற்றுக்கும் முன்னால், வெறுமைக்கும் முன்னால் வரும். 1.0~ஆர்சி1 (ஆர்சி என்பது வெளியீட்டுக்கு முந்தைய சோதனைப் பதிப்பு) 1.0ஐவிடச் சிறியதாவது இந்த ஒரே விதியால்தான்.

பெர்ல் நூலகங்களைப் பொதியாக்குபவர்களுக்கு இந்த முழு எண் விதி அடிக்கடி இடறும். பெர்ல் உலகில் பதிப்பு பெரும்பாலும் தசம எண், 0.25க்கு அடுத்து 0.3 வரலாம், 0.3தான் பெரியது. டெபியனுக்கோ 3 என்பது 25ஐவிடச் சிறியது. வழி, பொதியாக்கும்போதே அதை 0.30 என்று எழுதிவிடுவது.

டில்டேயை மறந்தால் என்ன ஆகும்? 1.0ஆர்சி1 என்று சோதனைப் பதிப்பைக் களஞ்சியத்தில் போட்டுவிட்டீர்கள். ஒரு வாரத்தில் 1.0 வருகிறது. டெபியனின் கணக்கில் 1.0ஆர்சி1 பெரியது, ஏனென்றால் பின்னால் கூடுதலாக எழுத்து இருக்கிறது. யாருக்கும் புதுப்பிப்பு போகாது. பிழைச் செய்தியும் வராது; "எல்லாம் புதிதாகவே உள்ளது" என்றுதான் ஏபிடி சொல்லும். அமைதியாகத் தோற்பதால் இது வாரக்கணக்கில் கண்ணில் படாமல் கிடக்கும். எண்ணில் சந்தேகம் வந்தால் மனக்கணக்கு போடாதீர்கள். இந்த ஒரு வரி போதும்:

டிபிகேஜி --கம்பேர்-வெர்ஷன்ஸ் 1.0ஆர்சி1 எல்டி 1.0 && எக்கோ ஆம்

"எல்டி" என்றால் முதலாவது சிறியதா என்ற கேள்வி. மேலே உள்ளதை ஓட்டினால் திரையில் எதுவும் வராது. ஆர்சிக்கு முன் டில்டேயைச் சேர்த்து மறுபடி ஓட்டிப் பாருங்கள், "ஆம்" வரும்.

கிட்டிலிருந்து நேரடியாக எடுத்துக் கட்டும் பொதிக்கும் இதே யோசனைதான். வரப்போகும் 1.2க்கு முந்தைய நிலை என்றால் 1.2~கிட்20240115, வெளிவந்த 1.2க்குப் பிந்தையது என்றால் 1.2+கிட்20240115. தேதியை முன்னால் வையுங்கள், கமிட் குறியை (கிட்டில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கிடைக்கும் அடையாளம்) பின்னால் வையுங்கள். கமிட் குறி தற்செயலான எழுத்துகள். அதை முன்னால் வைத்தால் வரிசையும் தற்செயலாகிவிடும். ஒரு பதிப்பையுமே இன்னும் வெளியிடாத திட்டத்துக்கு 20240115 என்று வெறும் தேதியைச் சூட்டினால், நாளை அவர்கள் 1.0 வெளியிடும்போது தப்பிக்க இடமிருக்காது. 0~கிட்20240115 என்று தொடங்கினால் அந்தச் சிக்கலே எழாது.

பிளஸ் குறியின் மதிப்பு டெபியன் பழக்கங்களில் நன்றாகத் தெரியும். கட்டற்றதல்லாத கோப்புகளை நீக்கி மறுபடி கட்டிய மூலத்தை 1.2+டிஎஃப்எஸ்ஜி (டெபியனின் கட்டற்ற மென்பொருள் நெறிகளின் சுருக்கப் பெயர்) என்று குறிப்பார்கள். முன்பு சிலர் 1.2.டிஎஃப்எஸ்ஜி என்று புள்ளி வைத்தார்கள். அடுத்து 1.2.1 வந்தபோது சிக்கல்: ".டிஎஃப்எஸ்ஜி" என்ற துண்டும் "." என்ற துண்டும் மோதுகின்றன, எழுத்துள்ளது வெல்கிறது, பழையது புதியதாகிவிடுகிறது. பிளஸ் வைத்தால், ஆஸ்கி வரிசையில் பிளஸ் 43, புள்ளி 46, 1.2.1 முறையாக மேலே வரும். திருத்தப் பகுதியிலும் இதே ஏற்பாடு உண்டு. நிரலைத் தொடாமல் மறுபடி கட்டியது 3+பி1. பாதுகாப்புத் திருத்தம் 3+டெப்12யு1. பராமரிப்பாளர் அல்லாதவர் பதிவேற்றியது 3.1. இந்த மூன்றும் இதே ஏறுவரிசையில் அமையும்படி எழுத்துகளைத் தேர்ந்திருக்கிறார்கள். 12 என்பது டெபியன் வெளியீட்டு எண். குறிப்பெயரை வைத்தால் வீசிக்கு (7) அடுத்து வந்த ஜெஸ்ஸி (8) அகரவரிசையில் முன்னால் போய்விடும். எண்ணுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

இதே தவறை வெளிக் களஞ்சியங்கள் உபுண்டுவில் செய்வதை இன்றும் பார்க்கலாம். ஒரே மென்பொருளைப் பல உபுண்டு வெளியீடுகளுக்குக் கட்டும்போது 1.2-1~ஜெனியல், 1.2-1~பயோனிக் என்று குறிப்பெயரை ஒட்டுவார்கள். உபுண்டுவின் பெயர்கள் 17.04இல் இசட்டைத் தொட்டு, 17.10இல் மறுபடி ஏவுக்குத் திரும்பின. ஆகவே 16.04இலிருந்து 18.04க்கு ஏறிய கணினியில் எக்ஸில் தொடங்கும் ஜெனியல் பெரியதாகவும், பியில் தொடங்கும் பயோனிக் சிறியதாகவும் நின்றன. பழைய நூலகங்களோடு பிணைந்த பொதி அப்படியே தங்கிவிடும், இயக்கினால் ".எஸ்ஓ கோப்பு கிடைக்கவில்லை" என்று விழும். ~16.04, ~18.04 என்று எண் வைத்தவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. டாக்கர் என்ற கொள்கலன் மென்பொருள் தன் பொதிகளில் இப்போது எண்ணையும் பெயரையும் சேர்த்தே எழுதுகிறது: 5:24.0.7-1~உபுண்டு.22.04~ஜாமி. முன்னால் நிற்கும் 5 ஈபாக். ஆன்சிபிள் என்ற தானியக்கக் கருவியில் பதிப்பைப் பூட்டி எழுதும்போது அந்த "5:"ஐ விட்டுவிட்டால் "அப்படியொரு பதிப்பு இல்லை" என்ற பதில்தான் வரும்.

உபுண்டு தானாகச் சேர்க்கும் பின்னொட்டுகளைப் படிக்கத் தெரிந்தால் ஒரு பொதியின் வரலாறே கிடைக்கும். 1.2-3உபுண்டு1 என்றால் டெபியனின் 1.2-3ஐ எடுத்து உபுண்டு ஒரு மாற்றம் செய்திருக்கிறது. 1.2-0உபுண்டு1 என்றால் டெபியனில் இன்னும் வராததை உபுண்டு முந்திக் கட்டியிருக்கிறது, டெபியன் 1.2-1 வெளியிட்டதும் அது மேலே வரட்டும் என்றே பூஜ்ஜியம். 1.2-3பில்டு1 வெறும் மறுகட்டல். "உபுண்டு" என்ற சொல் இருந்தால் டெபியனிலிருந்து தானாக இழுப்பது நின்றுவிடும், "பில்டு" இருந்தால் நிற்காது. உங்கள் பிபிஏவில் (உபுண்டு பயனரின் சொந்தக் களஞ்சியம்) 1.2-3உபுண்டு1~பிபிஏ1 என்று டில்டே வையுங்கள். அதிகாரபூர்வப் பொதி வரும் நாளில் அது உங்களுடையதைத் தானாக மாற்றிக்கொள்ளும்.

புதிய மென்பொருளைப் பழைய வெளியீட்டுக்குக் கட்டித் தரும் டெபியன் பேக்போர்ட்ஸ் பொதியின் 1.2-3~பிபிஓ12+1 என்ற பின்னொட்டும் அதே நோக்கம்தான்: அடுத்த நிலையான (ஸ்டேபிள்) வெளியீட்டுக்கு ஏறும்போது அங்குள்ள 1.2-3 வெல்ல வேண்டும். இதில் ஒரு பக்கவிளைவு. உங்கள் பொதி "1.2-3 அல்லது அதற்கு மேல் தேவை" என்று கேட்டால் பேக்போர்ட்ஸ் பொதி அந்தத் தேவையை நிறைவு செய்யாது, ஏனெனில் அது டில்டேயால் சற்றுச் சிறியது. சார்பு வரியில் 1.2-3~ என்று கடைசியில் ஒரு டில்டேயை மட்டும் சேர்த்தால் தீர்ந்தது. முடிந்தால் திருத்த எண்ணையே கேட்காமல் 1.2 என்று நிறுத்திக்கொள்வது இன்னும் நல்லது.

ஃபெடோரா, ரெட் ஹாட் பயன்படுத்தும் ஆர்பிஎம் பக்கம் வந்தால் விதிகள் மாறும். பெயர், ஈபாக், பதிப்பு, ரிலீஸ், கட்டமைப்பு என ஐந்து உறுப்புகள். பாஷ்-5.2.15-3.எஃப்சி38.எக்ஸ்86_64 என்ற கோப்புப் பெயரை வலமிருந்து பிரிக்க வேண்டும், ஏனெனில் பெயருக்குள் ஹைஃபன் வரலாம், பதிப்பிலும் ரிலீஸிலும் வரக் கூடாது. ஈபாக் கோப்புப் பெயரில் இருக்காது. கோப்புப் பெயரை மட்டும் பார்த்து எது புதியது என்று முடிவெடுக்கும் ஸ்கிரிப்டுகள் தோற்பது இதனால். டெபியனிலும் பொதியின் கோப்புப் பெயரில் ஈபாக் இராது. ஏபிடியின் தற்காலிகக் கிடங்கில் மட்டும் காலனுக்குப் பதிலாக %3ஏ என்று எழுதப்பட்டிருக்கும்.

ஒப்பீட்டில் ஆர்பிஎம் எழுத்துத் துண்டு, எண் துண்டு என்று பிரித்துக்கொள்ளும். இடையிலுள்ள புள்ளியோ அடிக்கோடோ வெறும் வேலிதான், 1.0_1உம் 1.0.1உம் அதற்குச் சமம். எண் எப்போதும் எழுத்தைவிடப் புதியது. துண்டு மிச்சமிருப்பது பெரியது, ஆகவே 1.0ஆர்சி1 இங்கும் 1.0ஐ மிஞ்சிவிடும். டில்டே ஆர்பிஎம் 4.10இல்தான் வந்தது, வெளியீட்டுக்குப் பிந்தைய நிலையைக் குறிக்கும் கேரட் (^) குறி 4.15இல் வந்தது. 1.0^20240115கிட் என்பது 1.0க்கும் 1.0.1க்கும் நடுவில் நிற்கும். இவை வருவதற்கு முன் ஃபெடோராவில் முன்னோட்டப் பதிப்பை 1.0-0.1.ஆர்சி1 என்று, ரிலீஸ் எண்ணைப் பூஜ்ஜியத்தில் தொடங்கி எழுதினார்கள். பழைய ஸ்பெக் (பொதி கட்டும் குறிப்பு) கோப்புகளில் அந்த 0.1ஐப் பார்த்தால் கைதவறிய எழுத்து என்று எண்ணி நீக்கிவிடாதீர்கள்.

ரிலீஸின் கடைசியில் ஒட்டும் எஃப்சி39 (ஃபெடோரா 39), இஎல்9 (ரெட் ஹாட் 9) போன்ற குறிகள் சரியாகவே ஏறும். ஆனால் பழைய கிளையில் மட்டும் ஒரு திருத்தம் செய்து 4.எஃப்சி39 என்று உயர்த்தினால், புதிய கிளையின் 3.எஃப்சி40ஐ அது தாண்டிவிடும். முதலில் மோதுவது 4உம் 3உம் அல்லவா? அப்படிப்பட்ட இடத்தில் 3.எஃப்சி39.1 என்று குறிக்குப் பின்னால் எண்ணைச் சேர்ப்பதே முறை. சோதிக்க ஆர்பிஎம்டெவ்-வெர்கம்ப் கருவி உள்ளது. சமம் என்றால் 0, முதலாவது புதியது என்றால் 11, இரண்டாவது புதியது என்றால் 12 என்று அது வெளியேறும் குறியீட்டைத் தருகிறது. "செட் -இ" (பிழைக் குறியீடு வந்தால் நிற்கச் சொல்வது) போட்ட ஸ்கிரிப்டுக்குள் அதை அப்படியே அழைத்தால் ஸ்கிரிப்டே நின்றுவிடும்.

ஆர்ச்சின் பொதி மேலாளர் பேக்மேன் ஒரு முக்கியமான இடத்தில் மற்ற இரண்டுக்கும் நேர்எதிர். அங்கே 1.0ஆர்சி1 என்பது 1.0ஐவிடச் சிறியது, எண்ணை ஒட்டிவரும் எழுத்தை முன்னோட்டம் என்றே அது எடுத்துக்கொள்ளும். கேட்க இனிமையாக இருக்கிறது, ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகம் வரும் வரை. 1.1.1க்குப் பிறகு 1.1.1ஏ, 1.1.1பி என்று எழுத்துகளால் முன்னேறிய மென்பொருள் அது. பேக்மேனுக்கு அவை எல்லாம் 1.1.1ஐவிடப் பழையவை. எனவே ஆர்ச் அதை 1.1.1.டபிள்யூ என்று நடுவில் புள்ளி வைத்து வெளியிட்டது. புள்ளிக்குப் பின் வரும் எழுத்து மேலே ஏறும். ஒரு டிஸ்ட்ரோவில் சரியான எண்ணை இன்னொன்றுக்கு அப்படியே நகலெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அங்கே சோதிக்க வெர்கம்ப். விடை -1, 0 அல்லது 1. ஆல்பைன், ஜென்டூ ஆகிய டிஸ்ட்ரோக்கள் பின்னொட்டுகளையே முன்கூட்டி வரையறுத்துவிட்டன: அடிக்கோட்டுடன் ஆல்ஃபா, பீட்டா, ப்ரீ, ஆர்சி ஆகியவை வெளியீட்டுக்கு முன், பி என்பது பின். இறுதியில் -ஆர்0, -ஆர்1. செம்வெர் என்ற பொதுப் பதிப்பெண் பாணியில் 1.0.0-ஆர்சி.1 என்று வருவதை டெபியனில் 1.0.0~ஆர்சி.1-1 என்றும், ஆல்பைனில் 1.0.0_ஆர்சி1-ஆர்0 என்றும் மாற்றி எழுத வேண்டும். ஹைஃபனை அப்படியே விட்டால் ஆர்பிஎம் பொதியைக் கட்டவே மறுக்கும்.

ஈபாக் பற்றி ஒரு எச்சரிக்கை. அது எல்லாவற்றுக்கும் முன் ஒப்பிடப்படும், 1:0.1 என்பது 99.0ஐ வெல்லும். ஒரு முறை சேர்த்தால் அந்தப் பொதியின் ஆயுள் முழுக்க அகற்ற முடியாது. அதனால்தான் ஒரு தற்காலிகப் பின்வாங்கலுக்கு எக்ஸ்இசட் விஷயத்தில் ரியலி என்ற அழகில்லாத பின்னொட்டைப் பயன்படுத்தினார்கள். அப்ஸ்ட்ரீம் எண் அடுத்து மேலே போகும்போது அந்தப் பின்னொட்டு தானாக மறைந்துவிடும், ஈபாக் மறையாது. அப்ஸ்ட்ரீமே எண் முறையை நிரந்தரமாகக் கீழே மாற்றினால் மட்டும் ஈபாக்கைத் தொடுங்கள்.

பாதுகாப்புச் சோதனை செய்பவர்களுக்கு இதெல்லாம் நேரடியாகத் தேவை. 2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல்லின் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்புக் குறை வெளியானபோது அப்ஸ்ட்ரீமில் சரிசெய்த பதிப்பு 1.0.1ஜி. டெபியன் 7இல் சரிசெய்தது 1.0.1இ-2+டெப்7யு5. ரெட் ஹாட் 6இல் 1.0.1இ-16.இஎல்6_5.7. உபுண்டு 12.04இல் 1.0.1-4உபுண்டு5.12. மூன்றிலும் முன்பகுதி "பாதிக்கப்பட்ட" எண்ணாகவே நின்றது, ஏனென்றால் நிலையான வெளியீடுகள் பதிப்பை உயர்த்தாமல் திருத்தத்தை மட்டும் பின்னோக்கிச் சேர்க்கின்றன. மென்பொருளையே கேட்டால் அது 1.0.1இ அல்லது 1.0.1 என்றுதான் சொல்லும். கேட்க வேண்டியது பொதி மேலாளரை: டெபியனில் ஏபிடி-கேஷ் பாலிசி, ஆர்பிஎம் பக்கம் ஆர்பிஎம் -கியூ. பிறகு மாற்றப் பதிவில், பாதுகாப்புக் குறைக்கு இடப்படும் சிவிஇ எண்ணைத் தேடுங்கள். ஏபிடி சேஞ்ச்லாக், ஆர்பிஎம் -கியூ --சேஞ்ச்லாக் இரண்டும் அதைத் தரும். கணக்காய்வாளர் முன்பகுதியைக் காட்டிக் குறை எழுதினால், பொதியின் முழுப் பதிப்பையும் மாற்றப் பதிவின் அந்த வரியையும் இணைத்து அனுப்புங்கள்.

பதிப்பைப் பூட்டுவது பற்றி: டாக்கர்ஃபைலில் (கொள்கலனைக் கட்டும் கட்டளைக் கோப்பு) முழு எண்ணையும் எழுதிப் பூட்டினால் சில வாரங்களில் கட்டல் உடையலாம். டெபியன், ஆல்பைன் களஞ்சியங்கள் புதிய திருத்தம் வந்ததும் பழையதை எடுத்துவிடுகின்றன. ஆல்பைனில் ஆர்0 மறைந்து ஆர்1 வந்தாலே போதும், தோல்விதான். அங்கே சமக்குறிக்குப் பதில் டில்டேயால் முன்பகுதியை மட்டும் கேட்கலாம், ஏபிடியில் 1.18.* என்று நட்சத்திரம் இடலாம்.

கடைசியாக, உள்ளூர்த் திருத்தம். டெபியனின் 1.2-3ஐ எடுத்து ஒரு பேட்ச் (நிரல் திருத்தம்) ஒட்டி 1.2-3+லோக்கல்1 என்று பெயரிடுவது பரவலான பழக்கம். மிக ஆபத்தானதும் அதுதான். பாதுகாப்புக் குழு 1.2-3+டெப்12யு1 வெளியிடும்போது "லோ"வின் எல், "டெப்"பின் டியைவிடப் பெரியது. உங்கள் சர்வர்களுக்குத் திருத்தம் வரவே வராது. 1.2-3+டெப்12யு0+லோக்கல்1 என்று வையுங்கள். அது 1.2-3க்கு மேலே, யு1க்குக் கீழே நிற்கும். யு1 வந்ததும் உங்கள் பேட்ச் போய்விடும் என்பது உண்மை. உடனே யு1ஐ எடுத்து மறுபடி ஒட்டி +டெப்12யு1+லோக்கல்1 என்று கட்டுங்கள், அது யு2 வரும் வரை தாங்கும். உள்ளடக்கத்தை மாற்றிவிட்டு அதே எண்ணில் மறுபடி பதிவேற்ற மட்டும் வேண்டாம். ஏற்கெனவே நிறுவிய கணினிகளுக்கு மாற்றம் போகாது, பாதி சர்வர்களில் ஒன்றும் மீதியில் இன்னொன்றும் ஒரே எண்ணில் ஓடும்.

பதிவேற்றுவதற்கு முன் புதிய எண்ணை மூன்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: களஞ்சியத்தில் இப்போது இருப்பது, டிஸ்ட்ரோ அடுத்து வெளியிடக்கூடிய பாதுகாப்புத் திருத்தம், அடுத்த பெரிய வெளியீட்டில் அதே பொதி. முதலாவதைவிடப் பெரியதாகவும் மற்ற இரண்டைவிடச் சிறியதாகவும் இருந்தால் பதிவேற்றலாம்.